அது யாருடைய தேள்?

பாளையம்பட்டியில் டவுன் பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே என் கடை. எஸ்.டி.டி. பூத். ஊரில் பாதிப் பேருக்குச் சாவுச் செய்தி என் கடை வழியாகத்தான் போய்ச் சேரும். போனை எடுத்து, யாருக்கு என்று கேட்டு, ஆளை வரவழைத்து, அவர்கள் பேசி அழுது முடிக்கும்வரை வெளியே வந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பது எனக்குப் பழகிப்போன வேலை. இந்த மாதத் தொடக்கத்தில் ஒரு காலையில் மணி அடித்தபோதும் வழக்கம்போல "யாருக்கு?" என்றுதான் கேட்டேன். "ஒங்களுக்குத்தான் அண்ணாச்சி. எங்க அத்தை போயிட்டாக" என்றது மறுமுனை. எம்.ரெட்டியபட்டியிலிருந்து சௌந்தரம் அக்காவின் அண்ணன் மகன். தூக்கத்திலேயே உயிர் போய்விட்டதாம். போனை வைத்துவிட்டு வெளியே வந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

முப்பதாம் நாளுக்கு ஒரு சின்ன மலர் போடுகிறோம், நீங்களும் எழுதிக் கொடுங்கள், அத்தையைத் தெரிந்தவர்கள் எல்லாரும் படிப்பார்கள் என்று அவரே பிறகு கேட்டார். அக்காவைத் தெரிந்தவர்கள் யார் யார் என்று யோசித்துப் பார்த்தேன். ஊர்க்காரர்களுக்கு அவர் மிலிட்டரியில் இருந்துவிட்டு வந்த அம்மா. அமைதிப்படை என்ற சொல்லில் படை இருக்கிறதே, அது போதாதா? துப்பாக்கி சுடுவீகளா என்று கேட்ட பெண்கள் உண்டு. பந்தல்குடியில் ஒரு டீக்கடைக்காரர் அந்தச் சொல்லைக் கேட்டதும் கடலுக்கு அந்தப் பக்கம் நடந்ததையெல்லாம் நினைத்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அக்கா இருந்தது அங்கே இல்லை. வேறொரு கண்டம், வேறொரு சண்டை, துப்பாக்கியைத் தொடாத வேலை. அதை அவரிடம் விளக்கிக்கொண்டிருக்காமல் டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டதாக அக்கா என்னிடம் சொன்னார். ஆகவே, அவரைத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கும் எல்லாருக்குமாக இதை எழுதுகிறேன்.

அவருடைய பதவிக்கு அரசியல் விவகார அதிகாரி என்று பெயர். பல நாடுகள் சேர்ந்து ஒரு சண்டைக்கு நடுவே அமைதி காக்க அனுப்புகிற குழுவில் சிப்பாய்களும் இருப்பார்கள், சிப்பாய் அல்லாதவர்களும் இருப்பார்கள். அக்கா இரண்டாவது வகை. சண்டை போடுகிற இரண்டு தரப்பையும் போய்ப் பார்க்க வேண்டும். அவர்கள் சொல்வதைக் கேட்க வேண்டும், சொல்லாமல் விட்டதை ஊகிக்க வேண்டும், யார் யாரோடு பேச்சை நிறுத்தினார்கள், யார் மறுபடி பேச ஆசைப்படுகிறார்கள் என்று மேலிடத்துக்கு எழுத வேண்டும். நான் அதே முகாமில் வயர்லெஸ் ஆபரேட்டர். அருப்புக்கோட்டையில் அப்பாவின் பலசரக்குக் கடையில் உட்காரப் பிடிக்காமல் தூத்துக்குடியில் கப்பலேறி, எங்கெங்கோ சுற்றி, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அங்கே போய்ச் சேர்ந்திருந்தேன். அந்த நாட்டின் பெயரை எழுதப்போவதில்லை. அந்த இரண்டு தரப்பும் இன்னும் அங்கேதான் இருக்கின்றன. எழுதினால் அக்காவுக்குப் பிடிக்காது.

சாப்பாட்டுக் கூடத்தில் வரிசையில் நிற்கும்போது எனக்கு முன்னால் நின்ற பெண்மணி சுடச்சுட இருந்த தட்டைத் தொட்டுவிட்டு "ஆத்தாடி" என்றார். கப்பலிலிருந்து இறங்கிய நாள் முதல் தமிழ் என்று ஒன்று என் காதில் விழுந்ததில்லை. "எந்த ஊருங்க நீங்க?" என்று கேட்டேன், கொஞ்சம் சத்தமாகவே. அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு ஆங்கிலத்தில், ஞாயிற்றுக்கிழமை தண்ணீர்த் தொட்டிப் பக்கம் துணி துவைக்க வாருங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். என்ன திமிர் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். தொட்டிக்கு அந்தப் பக்கம் வேலிவரை வெட்டவெளி, ஆள் நடமாட்டம் கிடையாது. எம்.ரெட்டியபட்டி என்றார். பாளையம்பட்டி என்றேன். அதற்கப்புறம் துணி எங்கே துவைத்தோம்! பேசிப் பேசி, வெயில் ஏறி, ஊறப் போட்ட துணி ஊறிக்கொண்டே கிடந்தது. கடைசியில் கேட்டேன்.

"ஏங்க்கா, அன்னைக்குக் கேட்டப்பவே சொல்லியிருக்கலாம்ல? அங்கன ஒருத்தருக்கும் தமிழ் தெரியாதே."

"தெரிஞ்சாப் பரவாயில்லையே அண்ணாச்சி, தெரியாதுங்கிறதுதான பயமே. ரெண்டு பேரு மட்டும் ஒரு பேச்சப் பேசுனா, மூணாவது ஆளு தன்னப் பத்தித்தான்னு நெனப்பான். நம்ம ஊர்க் கெணத்தடியில பாத்ததில்லையா? ரெண்டு பொம்பளைக குசுகுசுன்னா மூணாமத்தவ கொடத்தத் தூக்கிட்டுக் கெளம்பிருவா. இங்கன கொடத்தத் தூக்க மாட்டாக."

அதுதான் அவருடைய சட்டம். முகாமில் அந்த நாட்டின் இரு தரப்புக்காரர்களும் வேலை பார்த்தார்கள்: மொழிபெயர்ப்பாளர், டிரைவர், சமையல்காரர். அவர்கள் யார் காதிலும் தமிழ் விழக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை தொட்டிப் பக்கம் மட்டும் தமிழ். மற்ற நாளெல்லாம் எனக்கு அவர் "மேடம்", அவருக்கு நான் "ஆபரேட்டர்". என்னைவிட மூத்தவர், ஆனாலும் கடைக்காரர் வீட்டுப் பிள்ளை என்பதால் கேலியாக என்னை அண்ணாச்சி என்பார். வாரம் முழுக்க அந்த அண்ணாச்சிக்காகக் காத்திருப்பேன் என்று சொன்னால் இப்போது சிரிப்பீர்கள். தனியாக இருந்து பார்த்தவர்கள் சிரிக்க மாட்டார்கள்.

என்னைவிட அவர் தனியாக இருந்தார். நானாவது சீட்டாட உட்காருவேன். அக்கா யாரோடும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட மாட்டார். யாரோடு சாப்பிட்டார் என்பது சாயங்காலத்துக்குள் இரு தரப்புக்கும் போய்விடும். மலைச்சரிவில் இருந்தவர்களை நாங்கள் மேட்டுப் பக்கத்தார் என்போம், கீழே இருந்தவர்களை ஆற்றுப் பக்கத்தார் என்போம். ஆற்றுப் பக்கத் தலைவர் வீட்டுக் கல்யாணத்தில் அக்கா ஒரு வேளை சாப்பிட வேண்டியதாகிவிட்டது. அதற்காக, ஒரு விசேஷமும் இல்லாத மேட்டுப் பக்கத்துக்கு அதே வாரம் வலியப் போய் ஒரு வேளை சாப்பிட்டார். அந்தச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்தார். "வேலைக்காகத் திங்கறவ நான் ஒருத்திதான்" என்று தொட்டிப் பக்கம் சொல்லிச் சிரித்தார். பிறகு துணியைப் பிழிந்துகொண்டே, "எல்லாரையும் தெரிஞ்சிருக்கணும், ஆனா யாருக்கும் வேண்டியவளா இருக்கக் கூடாது. இதுதாங்க இந்த வேல" என்றார். அதைச் சொல்லும்போது சிரிக்கவில்லை.

இனி அந்தத் தேள் விஷயம். மேட்டுக்கும் ஆற்றுக்கும் நடுவே இருந்த ஒரே ரோடு மாதக்கணக்காக அடைபட்டுக் கிடந்தது. தானியம் மேட்டுப் பக்கம், சந்தையும் ஆஸ்பத்திரியும் ஆற்றுப் பக்கம். பிரசவத்துக்குக் கீழே இறங்க முடியாமல் மேட்டில் பெண்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். சந்தை நாளில் மட்டுமாவது ரோட்டைத் திறக்க இரு தரப்பையும் ஒரே இடத்தில் உட்கார வைக்க அக்கா நாயாக அலைந்தார். கடைசியில் மேட்டுப் பக்கத்தார் தங்கள் எல்லைக்குள் ஒரு மரத்தடியில் பாய் விரித்து அழைத்தார்கள். ஆற்றுப் பக்கத்தார் அரை மனதாக வந்தார்கள். அந்த ஊர் வழக்கப்படி எல்லாரும் செருப்பைக் கழற்றிவிட்டுப் பாயில் உட்கார்ந்தார்கள். அக்காவும் வெறுங்காலோடு சம்மணம் போட்டு உட்கார்ந்தார். வயர்லெஸ் பெட்டியோடு நான் அவருக்குப் பின்னால் சற்றுத் தள்ளி நின்றேன்.

பேச்சு நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்போது பாயின் ஓரத்திலிருந்து கன்னங்கரேலென்று ஒரு தேள் ஏறி வந்து, கொடுக்கைத் தூக்கிக்கொண்டு, அக்காவின் காலடியில் நிற்பதைப் பார்த்தேன். கரிசல் காட்டில் பிறந்தவனுக்குத் தேளைப் பார்த்தால் வாய் சும்மா இருக்குமா?

"அக்கா! தேளு! கால எடுங்க!"

அவ்வளவுதான். சுற்றிக் காவலுக்கு நின்ற இரு தரப்பு ஆட்களின் துப்பாக்கிகளும் தோளிலிருந்து கைக்கு வந்தன. அக்கா மட்டும் அசையவில்லை. ஆற்றுப் பக்கத் தலைவர் எழுந்து நின்று, இவன் என்ன சொன்னான் என்று மொழிபெயர்ப்பாளரைக் கேட்டார். மொழிபெயர்ப்பாளர் கையை விரித்தார். தேள் என்று சொன்னார் என்றார் அக்கா. பாயைத் தூக்கினார்கள், உதறினார்கள். கீழே வெடிப்பு விட்ட நிலம். அது எந்த வெடிப்பில் நுழைந்ததோ, தேளும் இல்லை, ஒன்றும் இல்லை. "இவர்கள் இரண்டு பேருக்கும் ஒரு ரகசியப் பேச்சு இருக்கிறது. இத்தனை நாள் எங்களிடம் மறைத்திருக்கிறார்கள்" என்றார் தலைவர். மேட்டுப் பக்கத்தாரும் அக்காவை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

அக்கா என் பக்கம் திரும்பினார். ஆங்கிலத்தில், எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். "இங்கே ஒன்றும் இல்லை. நீங்கள் வண்டியில் போய் உட்காருங்கள்." பிறகு அவர்களைப் பார்த்து, "இவர் என் ஊர்க்காரர். இவரை இங்கே கூட்டிவந்தது என் தவறு. இனிமேல் இவர் இந்த முகாமில் இருக்க மாட்டார்" என்றார். தலைவர் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு உட்கார்ந்தார். வண்டிக்குள் வெந்துகொண்டு நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பேச்சு முடியும்வரை அக்கா காலை மாற்றிப் போடக்கூட இல்லை. முடிந்ததும் எல்லாரிடமும் கைகொடுத்து விடைபெற்று, மெதுவாக, மிக மெதுவாக வண்டிக்கு நடந்து வந்தார். அந்த நடையை நான் கர்வம் என்று எடுத்துக்கொண்டேன். திரும்பும் வழியெல்லாம் டிரைவர் இருந்தான், மொழிபெயர்ப்பாளர் இருந்தார். ஒரு வார்த்தை இல்லை.

அடுத்த ஞாயிறு வருவதற்குள் என்னைத் தலைமையிடத்துக் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள். குட்டி விமானம் வந்து இறங்கும் மண் ஓடுதளத்துக்கு அக்கா வந்திருந்தார். மேட்டுக்காரர்களும் ஆற்றுக்காரர்களும் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவர் கையை நீட்டி, "பத்திரமாகப் போய்வாருங்கள், ஆபரேட்டர்" என்றார், ஆங்கிலத்தில். நான் ஒரு தமிழ்ச் சொல்லுக்காக நின்றேன். காதருகே முணுமுணுத்தால்கூடப் போதும் என்று நின்றேன். வரவில்லை. நானும் ஒன்றும் சொல்லாமல் ஏறிவிட்டேன்.

கிடங்கில் இருக்கும்போது வயர்லெஸ்ஸில் கேட்டேன், ரோடு திறந்துவிட்டது, சந்தை நாளில் லாரிகள் இறங்குகின்றன என்று. உடன் இருந்தவர்கள் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை. என்னைப் பொய்யனாக்கித் திறந்த ரோடுதானே என்று எரிச்சல். ஒப்பந்தம் முடிந்ததும் ஊருக்கு வந்து இந்தக் கடையைப் போட்டேன். சௌந்தரம் என்ற பெயரை யாரிடமும் சொன்னதில்லை. அவர் வேலையிலிருந்து ஓய்வுபெற்று எம்.ரெட்டியபட்டிக்கே திரும்பிவிட்டார் என்று கேள்விப்பட்டபோதும் போய்ப் பார்க்கவில்லை.

ஒரு நாள் பூத்துக்குள் ஒருவர் திருப்பூரில் இருக்கிற மகனிடம் கத்திப் பேசிக்கொண்டிருந்தார். கடை வாசலில் நாலைந்து பேர். நம் ஊரில் யாருக்குப் போன் வந்தாலும் அது எல்லாருக்கும் வந்த போன்தான். காதை நீட்டிக்கொண்டு நிற்பார்கள். எதிர் ஓரத்தில், ரோட்டுக்கு அந்தப் பக்கம், பேச்சு காதில் விழாத தூரத்தில் முக்காடு போட்டுக்கொண்டு ஒரு அம்மா வெயிலில் காத்திருந்தார். பேசுகிறவர் வெளியே வந்த பிறகுதான் ரோட்டைத் தாண்டினார். முகம் தெரிவதற்கு முன்பே எனக்கு ஆள் தெரிந்துவிட்டது. அப்படி விலகி நிற்க இந்தத் தாலுகாவில் வேறு யாருக்குத் தெரியும்?

"போன் பேசணுமா?" என்றேன், வெட்டினாற்போல.

"ஒங்ககிட்டத்தான் பேசணும் அண்ணாச்சி. இன்னும் கோவமா?"

"எனக்கென்ன கோவம். ஒண்ணுமே இல்லன்னு சொல்லிட்டீக. அத்தன பேரு முன்னால நான் பொய்யன்."

அக்கா ஸ்டூலில் உட்கார்ந்து வலது கால் செருப்பைக் கழற்றினார். குதிகாலுக்கு மேலே ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டினார். அங்கே பார்க்க ஒன்றும் இல்லை. "இங்கனதான். கடிச்ச பெறகுதான நீங்க கத்துனீக. கொஞ்சம் முன்னாடி கத்தியிருக்கப்படாதா?" என்றார்.

தேள் கடி என்னவென்று தெரியும். சின்ன வயதில் ஒரு தடவை கடித்து வீட்டையே இரண்டாக்கியிருக்கிறேன். அந்த வலியோடு ஒரு பேச்சுவார்த்தை முழுக்கச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாரா?

"ஏங்க்கா சொல்லல? கடிச்சதக் காட்டியிருந்தா நான் சொன்னது நெசம்னு நம்பியிருப்பாகள்ல?"

"நம்பியிருப்பாக. நம்புனதும் என்ன கேப்பாக? அது யாரு தேளுன்னு கேப்பாக. பாய விரிச்சது மேட்டுக்காரவுக. வந்தவுகளக் கொல்லப் பாத்தாகன்னு ஆத்துக்காரவுக கெளம்பியிருப்பாக. நம்ம வீட்டுப் பாயில உக்காந்தவுகளுக்கு ஒண்ணு ஆகிப்போச்சுன்னா அது நாம செஞ்சதுதான? நம்ம ஊர்லயும் அப்படித்தான பேசுவாக. அந்த ஊர்ல தேளுக்கும் கட்சி உண்டு அண்ணாச்சி."

"டாக்டர்ட்டயாவது..."

"அவரு எழுதி வைப்பாரு. எழுதுனா நாலு பேருக்குத் தெரியும். வெங்காயத்தத் தேச்சுக்கிட்டுக் கெடந்தேன்."

பூத்தில் மணி அடித்துக்கொண்டிருந்தது. நான் எடுக்கவில்லை. கடிபட்டது அவர், பழிபட்டது நான் என்று இத்தனை வருடம் கழித்துக் கணக்குப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அவர் வந்தது அதற்காக இல்லை போலிருக்கிறது. செருப்பை மாட்டிக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னார்: "நீங்க போன பெறகும் ஞாயித்துக்கெழமை தொட்டிப் பக்கம் போவேன். துணிய அலசிட்டு, செத்த நேரம் நின்னுட்டு வந்துருவேன். ரோட்டத் தெறக்க ஒங்களத்தான் குடுத்தேன். என்கிட்ட வேற என்ன இருந்துச்சு?" எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. வாசலில் நின்ற நாலைந்து பேரும் வேடிக்கை பார்த்தார்கள். பார்க்கட்டும்.

ஊருக்கு வந்த பிறகாவது அவர் தனிமை தீர்ந்திருக்கும் என்றுதான் நினைத்தேன். அண்ணன் வீடு ஒரு தெருவில், தம்பி வீடு அடுத்த தெருவில். பாகப்பிரிவினையிலிருந்தே இரண்டு வீட்டுக்கும் பேச்சு அவ்வளவாக இல்லை. அக்கா மதியம் அண்ணன் வீட்டில் சாப்பிட்டால் மறுநாள் மதியம் தம்பி வீட்டில் சாப்பிடுவார். ஒரு வீட்டில் சாயங்காலம் காப்பி குடித்தால் அடுத்த வீட்டிலும் போய்க் குடிப்பார். இரு வீட்டாருக்குமே அது பிடிக்கவில்லை. எங்க வீட்டுப் பிள்ளையா வந்து இருக்கச் சொன்னா விருந்தாளியா வந்து இருக்காக என்று அண்ணி என்னிடமே வருத்தப்பட்டார். ஊரில் சண்டை என்று வருகிறவர்களிடம் இரு பக்கத்தையும் கேட்டுக்கொள்வார், யார் செய்தது தப்பு என்று சொல்ல மாட்டார். பருத்திக் காட்டில் மாடு இறங்கிய தகராறுக்கு இவ்வளவு பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தால் யாருக்குப் பிடிக்கும்? நீ சொன்னதுதான் சரி என்று ஒரு வார்த்தை வேண்டித்தானே வருகிறார்கள். வருவதை நிறுத்திவிட்டார்கள். "அங்க என்கிட்டப் பேசுனாத்தான் வேல நடக்கும். இங்க பேசாட்டியும் நடக்குது" என்றார் ஒருமுறை. அந்த வேலையை அவரால் உடம்பிலிருந்து கழற்ற முடியவில்லை என்றுதான் எனக்குத் தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் பஸ் ஏறி என் கடைக்கு வருவார், அல்லது நான் போவேன். என் வீட்டில் எந்தக் கணக்கும் பார்க்காமல் சாப்பிடுவார். எனக்கு எதிர்த்தரப்பு என்று யாரும் இல்லாததால் இருக்கும் என்று என் மனைவி கேலி செய்வாள்.

கடைசியாக நான் அங்கே போனது சித்திரை வெயிலில். கிளம்பும்போது அக்கா பஸ் நிறுத்தம்வரை கூடவே வந்தார். நல்ல கூட்டம்: களை வெட்டப் போய்த் திரும்புகிறவர்கள், உர மூட்டையோடு நிற்பவர்கள், அண்ணன் வீட்டு ஆட்கள், தம்பி வீட்டு ஆட்கள். நான் ஏறி உட்கார்ந்தேன். பஸ் நகர்ந்தது. எப்போதும் தணிந்தே பேசுகிற அந்த மனுசி, கையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸோடு நாலு எட்டு நடந்து, தொண்டை கிழியக் கத்தினார்.

"அண்ணாச்சி! வெயில் அந்தப் பக்கம் அடிக்கும், இங்கிட்டு மாறி உக்காருங்க! போயிச் சேந்ததும் போன் போடுங்க! மறந்துறாதீக!"

நிறுத்தமே திரும்பிப் பார்த்தது. நானும் சன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, கண்டக்டர் திட்டத் திட்ட, "வாரேன்க்கா! வாரேன்!" என்று கத்தினேன்.

அவர் உடலைப் பார்க்கப் போன அன்று இரண்டு வீட்டாரும் ஒரே பந்தலில் நின்றார்கள். மாலையைப் போட்டுவிட்டு, சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது என்பதால் ஒன்றும் சொல்லாமல் வந்தேன். ஓடுதளத்திலும் அப்படித்தான் வந்தேன். மலரில் போட நாங்கள் சேர்ந்திருக்கும் போட்டோ ஏதாவது உண்டா என்று கேட்டார்கள். இல்லை. யாரோடும் சேர்ந்து நின்று போட்டோ எடுத்துக்கொள்ள அவருடைய வேலை அவரை விட்டதில்லை. என்னிடம் அவருடையது என்று இருப்பது ஒன்றுதான்: அத்தனை பேர் காதிலும் விழும்படி அவர் என்னோடு பேசிய அந்தத் தமிழ்.